பெயர் சூட்டுவதற்கு முன்

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் வியாபாரி மூட்டையிலே குத்தூசியைச் செலுத்தி, வந்த அரிசியை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, மூட்டை முழுவதற்கும் விலை சொல்லிவிடுகிறார். கணிப்புத் தவறினாலும் நட்டம் பணத்தோடு போகும். உடலிலிருந்து எடுத்த சிறு துணுக்கைக் கொண்டு நோய்க்குப் பெயர் சூட்டவேண்டிய மருத்துவரின் நிலை அத்தகையதன்று. அவர் தவறினால் ஒரு கை போகலாம், உயிரே போகலாம்.

தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் தோன்றும் புற்றுக்குச் ‘சார்கோமா’ என்று பெயர். வயது வந்தோரின் புற்றுநோய்களில் அது நூற்றுக்கு ஒன்று அளவே. மென்திசுக் கட்டிகளிலோ நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஆகவே, அனுபவமிக்கவரும் சிலவற்றை வாழ்நாளில் ஓரிரு முறையே காண்கிறார். துணுக்கை ஃபார்மலினில் இட்டு, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் நான்கைந்து பங்கு கனமே இருக்குமாறு சீவிச் சாயமேற்றுவர். உயிரணுவின் உட்கரு நீலமாகவும் ஏனையவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். அந்த வண்ணங்களே அவர் முன் நிற்கும் சாட்சிகள்.

சாட்சி பொய்த்தோற்றம் காட்டுவதும் உண்டு. ‘நோடுலர் ஃபாசியைட்டிஸ்’ என்றொரு கட்டி, பெரும்பாலும் இளவயதினரின் முன்கையில் தோன்றிச் சில வாரங்களிலேயே விரைந்து வளரும். நுண்ணோக்கியில் அணுக்கள் நெருங்கிப் பிளவுற்றுப் பெருகுவதைக் காண்போர் கொடிய புற்றென்றே துணிவர். ஆனால் அது தீங்கற்றது. தானாகவே வற்றிவிடுவதும் உண்டு. 1955இல்தான் அதனைத் தனியொரு வகையாக இனங்கண்டு எழுதினர். ‘யுஎஸ்பி6’ எனும் மரபணு அதில் இடம்மாறி இணைந்திருப்பது 2011இல் தெரியவந்தது. அதைப் புற்றென்று மயங்கியதால் வேண்டாத பெரும் அறுவைக்கு ஆளானோரும் உளர்.

இந்நிலையில், “இன்னும் துணிய இயலவில்லை, வேறொரு துணுக்கு வேண்டும்” என்று எழுதும் மருத்துவரை நாம் திறமையற்றவர் என்கிறோம். பெயரைக் கேட்டு அவசரப்படுத்துகிறோம். ஆனால் கட்டி எப்போது தோன்றிற்று என்று கேட்டால், “கொஞ்ச நாளாக” என்று மழுப்புகிறோம். பெண்பிள்ளையாயின் திருமணப் பேச்சுக் கெடுமென்று மறைத்தே விடுகிறோம். மூன்று வாரமா மூன்று ஆண்டா என்பதைக் கண்ணாடித் தகடு சொல்லாது, வீட்டார்தாம் சொல்லவேண்டும்.

‘தெரியவில்லை’ என்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறுக்கவில்லை. உண்மையான சார்கோமா காத்திராது. அடுத்து என்ன செய்வதென்று காட்டாத ஐயம், பொறுப்பைத் தட்டிக்கழிப்பதேயாகும். வழிகாட்டும் ஐயம் வேறு. மெழுகுக் கட்டியையும் தகடுகளையும் எடுத்துக்கொண்டு, 1954இல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற ஓரிடத்தில் மற்றொருவர் கருத்தைக் கேட்கப் புறப்படும் தந்தைக்கு அது வீண் அலைச்சலாகவே தோன்றும். மகனின் கையை எண்ணும்போது, வேண்டாம் என்று அவரைத் தடுக்க நமக்கு மனம் வரவில்லை.