அப்பாவை மன்னிக்காதவன் கிருத்திகை விரதம் இருக்கலாமா?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

ஊட்டி எல்க்ஹில் முருகன் கோவில் படியில, போன கிருத்திகை அன்னைக்கு ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. குன்னூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டுப் பையன். (அவன் சம்மதத்தோடதான் எழுதறேன்.) அப்பா குடிச்சிட்டு வந்து அடிச்ச காயம் உடம்புல ஆறிடுச்சு. ஆனா இன்னைக்கும் ராத்திரி கதவுச் சத்தம் கேட்டா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம். "தினமும் சஷ்டி கவசம் படிக்கிறேண்ணா. அப்பவும் பயம் போகலைன்னா என் பக்தியில குறையா?"

உடனே பதில் சொல்ல முடியல. எனக்கும் அதே கேள்வி இருந்துச்சு. எங்க வீட்டுல அடிச்சது சித்தப்பா, அவ்வளவுதான் வித்தியாசம்.

பழனிக் கதையை ஒரு பழத்துக்கான கோபமாவே நாம பார்க்கிறோம். எனக்கு அப்படித் தோணல. அநியாயம்னு பட்டதும் அந்தப் பிள்ளை வீட்டை விட்டுத் தள்ளி நின்னான். தேடி வந்தது பெத்தவங்க. அவன் தள்ளி நின்ன இடம்தான் இன்னைக்கு படைவீடு.

அதைவிடப் பெருசு சரவணப் பொய்கை. பாலூட்டி வளர்த்தது ஆறு கார்த்திகைப் பெண்கள். ரத்த சொந்தமில்லை. ஆனா அவங்க பேராலதான் அவன் கார்த்திகேயன். நாம இருக்கிற கிருத்திகை விரதமே அந்த வளர்த்தவங்களுக்குக் கிடைச்ச மரியாதைதானே? அப்படின்னா வெளி ஆள்கிட்ட போய் "எனக்கு வலிக்குது"ன்னு சொல்றது குடும்பத்துக்குத் துரோகம்னு எப்படிச் சொல்றது?

திருச்சி பக்கம் குணசீலத்துல மனசு பாதிச்சவங்க 48 நாள் தங்கிப் பெருமாளைக் கும்பிடுவாங்க. அங்கேயே அரசு உரிமம் வாங்கின மறுவாழ்வு மையமும் இருக்கு. சாமியும் டாக்டரும் சண்டை போடல, நாமதான் போடறோம்.

தம்பிக்கு அடுத்த கவலை காசு. கோயம்புத்தூர்ல தனியார்கிட்ட போனா ஃபீஸ், பஸ் காசு, போதாததுக்கு ஒரு நாள் கூலியும் போச்சு. அதனால முதல்ல 14416. டெலி மனஸ், 2022 அக்டோபர்ல மத்திய அரசு தொடங்கினது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். தேவைப்பட்டா மனநல மருத்துவர்கிட்ட இணைப்பாங்க. நேர்ல பார்க்க ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. 2017 மனநலச் சட்டப்படி அரசு மருத்துவமனையில மனநல சிகிச்சை நம்ம உரிமை, தயவு இல்லை. 18 வயசுக்குக் கீழ இருந்து, வீட்டுல இப்பவும் அடி நடக்குதுன்னா 1098.

லைன் வீட்டுல சுவருக்கெல்லாம் காது. அதனால சிக்னல் கிடைக்கிற மேட்டுல, தேயிலைச் செடிக்கு நடுவுல நின்னு போன் போட்டான். முதல் அஞ்சு நிமிஷம் பேச்சே வரலையாம். அந்தப் பக்கம் இருந்தவங்க போனை வைக்காம காத்திருந்தாங்களாம். ஒரு போன்ல எல்லாம் சரியாகாது, மாசக்கணக்குல ஆகும். எனக்கு ஆச்சு.

மன்னிக்கணுமான்னு கேட்டான். சித்தப்பாவை நான் இன்னும் மன்னிக்கலடா, விரதத்தையும் விடலன்னேன்.

வர்ற செவ்வாய்க்கிழமை ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போறான். பஸ்ல நானும் கூடப் போறேன்.

ஓம் சரவணபவ.