மதிலின் வெளிப்புறம்

உல்லாசப் பயணம் என்ற தொடரை ஈழத்துத் தமிழில் நாம் நெடுநாளாக வழங்கி வருகின்றோம். பயணத்தின் நோக்கம் உல்லாசமே என்பதை அத்தொடர் ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகின்றது. கடற்கரையையோ மலைச்சாரலையோ காணச் செல்வோனைப் பொறுத்தவரை இதில் யாதொரு சிக்கலும் இல்லை. ஆனால், கோட்டையொன்றைக் காணச் செல்வோனின் நிலை அத்தகையதன்று. கோட்டை என்பது சிலரைக் காப்பதற்காகவும் பலரை அஞ்சுவிப்பதற்காகவும் எழுப்பப்பட்ட கட்டடம். அச்சத்தின் கருவியாக எழுந்த ஒன்று காலப்போக்கிற் களிப்பின் பொருளாக மாறுமிடத்து, அக்களிப்பு அறவியல் நோக்கிற் குற்றமற்றதாகுமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவுக்குரிய எடுத்துக்காட்டைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கிழக்கிற் கடலும் மேற்கில் வாவியும் அணைந்து கிடக்கும் நெடிய நிலப்பட்டியில் அமைந்த ஊர்களுள் ஒன்று செட்டிபாளையம். 'செட்டி' வணிகனைக் குறிக்குஞ் சொல். 'பாளையம்' படை தங்குமிடத்தைக் குறிக்குஞ் சொல். அவ்வூரிலே கோட்டை கொத்தளம் ஏதுமில்லை. ஆயினும், வணிகமும் படையும் ஒரே பெயருள் அருகருகே நிற்கும் அவ்வூரிலிருந்து வடக்கு நோக்கிச் சென்று, கல்லடிப் பாலத்தைக் கடந்து, புளியந்தீவை அடைவோன் அவ்விரண்டும் உண்மையாகவே ஒன்றாகியிருந்த இடமொன்றைக் காண்கின்றான். அதுவே மட்டக்களப்புக் கோட்டை. 1628ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அங்கு கோட்டை அமைத்தனர். 1638 மே 18ஆம் நாள், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. இடைக்காலத்தில் அதனை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, பெயரளவில் வணிக நிறுவனம். செயலளவிலோ படையுங் கோட்டையும் உடன்படிக்கையுங் கொண்ட ஓர் அரசு. வாவி இருபுறமும் அகழி இருபுறமுமாகச் சூழ, நான்கு கொத்தளங்களோடு நிற்கும் அக்கட்டடத்தின் மதில்மேல் நின்று மாலைவேளையில் வாவியை நோக்குவோனுக்கு அது அழகிய காட்சியே என்பதில் ஐயமில்லை.

கோட்டை காணலை ஒரு பெருங்கலையாகவே வளர்த்த நாடு யப்பான். அந்நாட்டு வரலாறு நமது வினாவுக்குப் பெரிதும் ஒளியூட்டவல்லது. இன்று ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் கண்டு வியக்கும் ஹிமெஜிக் கோட்டையின் நடுமாடம் 1609இல் நிறைவெய்தியது. வெண்சுதை பூசிய அதன் சுவர்களில் வட்டமாகவும் முக்கோணமாகவும் சதுரமாகவும் அமைந்த துளைகள் அணிவேலைப்பாடு போலத் தோன்றும். அவை அம்பும் துப்பாக்கியுஞ் செலுத்துவதற்கென அமைந்த துளைகள். நிலவுடைமைக் காலத்தில் அம்மாடத்தில் ஏறி நிற்கும் உரிமை ஊர்மக்களுக்கு இருக்கவில்லை. உழவரும் கைவினைஞரும் வணிகரும் அகழிக்கு வெளியே வாழ்ந்தனர். மெய்சி அரசு 1873இல் கோட்டைகளை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்தபோது பல கோட்டைகள் இடிக்கப்பட்டன. நிலமாக விற்கப்பட்டனவும் உள. பழைய நடுமாடம் சிதையாது எஞ்சிய கோட்டைகள் இன்று பன்னிரண்டே. அன்று பழைமையின் சுமையாகக் கருதப்பட்டவற்றையே பிற்காலத்தவர் பெருமிதத்தின் சின்னங்களாக மீட்டெடுத்தனர். ஒசாக்காக் கோட்டையின் மாடம் நகரமக்களின் நன்கொடையால் 1931இற் கொங்கிறீற்றினாற் கட்டப்பட்டது. அதனுள் மின்தூக்கியும் உண்டு. போரில் 1945இல் எரிந்த நகோயாக் கோட்டை 1959இல் அவ்வாறே கொங்கிறீற்றில் எழுந்தது. அதனைப் பழைய முறைப்படி மீண்டும் மரத்தினாற் கட்டவேண்டும் என்ற திட்டம் எழுந்தபோது, மின்தூக்கி இல்லையெனில் நடக்கவியலாதோர் எவ்வாறு மேலேறுவர் என்று உடற்குறையுடையோர் வினவினர். எவரையும் உள்ளே விடாதிருத்தலே ஒரு காலத்திற் கோட்டையின் தொழில். எவரையும் வெளியே நிறுத்தலாகாது என்பதே இன்று அதன்மீது சாட்டப்படும் கடன். இம்மாற்றம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

நம் வினாவுக்கு இருவகை விடைகள் எளிதிற் கூறப்படுவதுண்டு. முதலாவது, அழகியலாரின் விடை. கல்லுக்குக் குற்றமில்லை; கட்டியவனும் கட்டாய வேலை செய்தவனும் மறைந்துவிட்டனர்; எஞ்சியிருப்பது வடிவம் மட்டுமே; வடிவத்தை வடிவமாகவே நுகர்தல் வேண்டும் என்பது அது. இரண்டாவது, சினத்தாரின் விடை. ஆதிக்கத்தின் சின்னத்தைக் கண்டு மகிழ்வோன் ஆதிக்கத்துக்கே துணைபோகின்றான்; அத்தகைய மதிலைக் காண்பதினும் இடிப்பதே தகும் என்பது அது.

இவ்விரு விடைகளும் ஒரு குறையை உடையன. அழகியலார், கோட்டையின் வடிவம் அதன் பயனிலிருந்து பிரிக்கவியலாதது என்பதை மறந்துவிடுகின்றனர். கொத்தளம் மதிலுக்கு வெளியே ஏன் பிதுங்கி நிற்கின்றது? மதிலின் அடியை நெருங்குவோனைப் பக்கவாட்டிற் சுடுவதற்காகவே. அத்துளை ஏன் உட்புறம் அகன்றும் வெளிப்புறம் குறுகியும் உள்ளது? உள்ளிருப்போன் நன்கு காணவும் வெளியிலிருப்போன் அவனைக் காணாதிருக்கவுமே. எனவே, வடிவத்தை உண்மையாக விளங்கிக்கொள்ள முயல்வோன் பயனை வினவியே தீரல் வேண்டும். அழகு இங்கே அறத்தின் வாயிலிலேயே கொண்டு வந்து விட்டுவிடுகின்றது.

சினத்தாரோ மற்றோர் உண்மையைக் காணத் தவறுகின்றனர். இன்று கோட்டையுள் நுழையும் உல்லாசப் பயணி யார்? மிகப் பெரும்பாலும், அக்கோட்டை எவரைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டதோ அவர்தம் வழித்தோன்றலே. சிறு கட்டணம் செலுத்தி ஹிமெஜியின் மேல்மாடத்தில் ஏறும் உழவனின் பேரன், தன் பாட்டனுக்கு மறுக்கப்பட்ட படிகளில் ஏறுகின்றான். நுழைவுச்சீட்டு மிக எளிய தாள்தான். எனினும் குலத்தையும் பதவியையும் வினவாது வாயிலைத் திறக்கும் அத்தாள், மதிலின் நோக்கத்தையே தலைகீழாக்கிவிட்டது எனலாம். இடிக்கப்பட்ட மதில் இந்த வெற்றியைக் காட்டாது. நிற்கும் மதிலே காட்டும்.

இவ்வாறாயின், சிக்கல் எங்கே உளது? அது பயணியின் வருகையில் அன்று, அவன் நிற்குமிடத்திலேயே உளது. மதில்மேல் ஏறியவன் தன்னையறியாமலே மதிலின் உட்புறத்தவனாகிவிடுகின்றான். பீரங்கியின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வோர் அனைவரும் அதன் பின்புறத்திலேயே நிற்பர். குழல் நோக்கும் திசையில், கண்ணுக்கெட்டிய தொலைவில், நிற்பதாக எவரும் தம்மை எண்ணிப் பார்ப்பதில்லை. உழவனின் பேரனும் மேல்மாடத்தை அடைந்ததும் கீழே பரந்த நகரைத் தலைவனின் கண்கொண்டே நோக்குகின்றான். வாயிலைத் திறந்த வரலாறு பார்வையைத் திறக்கவில்லை.

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கை, அச்சம், பெருமிதம் ஆகிய மூன்றும் இங்கு நமக்குத் துணைசெய்யும். ஒரே மதில், உள்ளே நின்ற தலைவனுக்குப் பெருமிதத்தையும் வெளியே நின்ற குடிக்கு அச்சத்தையும் பின்னாளில் வந்த பயணிக்கு மருட்கையையும் தந்தது. மருட்கை என்பது அச்சம் நீங்கிய பின்னரே பிறக்கவல்லது. பயணி வியப்பதற்கு ஏற்ற அமைதியைப் பெற்றிருப்பது, வேறொருவர் அஞ்சிய காலம் கழிந்துவிட்டமையினாலேயே. எனவே, வியப்பு அச்சத்துக்குக் கடன்பட்டுள்ளது. அக்கடனை அறியாத வியப்பே குறையுடைய வியப்பாகும். அச்சம் கழிய எத்துணைக் காலம் வேண்டும் என்பதும் எண்ணத்தக்கது. யாழ்ப்பாணக் கோட்டை 1990இல் முற்றுகைக்குள்ளாகி, அதனுள் இருந்த 1706ஆம் ஆண்டின் ஒல்லாந்தத் தேவாலயமும் அழிந்தது. அங்கே இன்று நடந்து செல்லும் பயணிக்கு அது பழங்காலம். அயலில் வாழ்ந்து அக்குண்டொலியைக் கேட்டவருக்கு அது தம் வாழ்நாட் செய்தி.

நம் இலக்கிய மரபு அரணை எவ்வாறு நோக்கியது என்பதையும் ஈண்டு கருதலாம். மதிலை வளைப்போனுக்கு உழிஞையும் காப்போனுக்கு நொச்சியும் எனப் பூச்சூடி, அவ்விருவர் மறத்தையும் புறத்துறை நூல்கள் வகுத்துப் பேசின. திருக்குறள் அரணுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, ஆள்வோரின் செயற்சிறப்பின்றி அரணாற் பயனில்லை என்ற கருத்தோடு அதனை முடித்தது. வளைப்போனும் காப்போனும் பெயர்பெற்றனர். மதிலுக்கு அப்பால் வயலில் நின்றவனுக்கோ வாவியில் தோணி வலித்தவனுக்கோ சூடுதற்குப் பூவில்லை. அம்மூன்றாமவனின் இடத்தை நிரப்புவது பிற்காலப் பார்வையாளனின் பொறுப்பாகின்றது.

மட்டக்களப்புக் கோட்டையிலே அப்பொறுப்புக்குரிய செய்தி கல்லில் இல்லை, சொல்லிலேயே உளது. கோட்டை வீழ்ந்து ஐந்து நாட்களின் பின், 1638 மே 23ஆம் நாள், இராசசிங்க மன்னனுக்கும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டுக்கும் இடையே மட்டக்களப்பில் உடன்படிக்கையொன்று ஏற்பட்டது. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படையை நிறுத்துவது பற்றி அதன் மூன்றாம் பிரிவு கூறியது. மன்னன் வைத்திருந்த போர்த்துக்கேய மொழிப் படியில், மன்னன் விரும்பினால் மட்டுமே அவ்வாறு நிறுத்தலாம் என்ற நிபந்தனை இருந்தது. ஒல்லாந்த மொழிப் படியில் அந்நிபந்தனை காணப்படவில்லை. 1656இற் கொழும்பு வீழ்ந்தபோது அது மன்னனிடம் கையளிக்கப்படவுமில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதுபோல என்று சிங்கள மக்கள் வழங்கும் பழமொழி இவ்வனுபவத்தின் சுருக்கமாகும். யப்பானிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சியொன்று உண்டு. 1614ஆம் ஆண்டு மாரிக்காலப் போர் ஒசாக்காவில் உடன்பாட்டோடு நின்றது. அதனைத் தொடர்ந்து வெளி அகழிகள் மட்டுமன்றி உள் அகழிகளும் தூர்க்கப்பட்டன. மறு ஆண்டிற் கோட்டை வீழ்ந்தது. இரு கோட்டைகளிலும் பயணி காண்பது எஞ்சிய கல்லை. காணாதது எஞ்சாத வாக்கை. மதில் மூன்றரை நூற்றாண்டு கடந்தும் நிற்க, வாக்கு ஒரு தலைமுறையும் நிற்கவில்லை என்பதை அறிந்து அம்மதிலைத் தொடுவோனுக்கு அதன் திண்மை வேறொரு பொருளைத் தரும்.

மற்றுமொன்று. மட்டக்களப்புக் கோட்டையினுள் நெடுங்காலமாகக் கச்சேரி இயங்கியது. காணிக்கும் உதவிப்பணத்துக்கும் மனு எழுதிக்கொண்டு செட்டிபாளையம் முதலிய ஊர்களிலிருந்து சென்றோர் நுழைந்த வாயிலும், புகைப்படக் கருவியோடு வெளிநாட்டார் நுழைந்த வாயிலும் ஒன்றே. ஒருவருக்கு அது வரலாறு; மற்றவருக்கு அது காத்திருப்பு. ஆட்சியின் பெயர் மாறிய பின்னரும் குடிமகன் அம்மதிலை அண்ணாந்து நோக்கியே நின்றான் என்பது, கோட்டை என்னும் உறவு கல்லோடு முடிவதில்லை என்பதை உணர்த்தும். அலுவலக மேசையும் சிலவேளை மதிலாகலாம். பல்கலைக்கழகப் படிப்பின் வழியே நாளை அம்மேசைகளின் பின்னே அமரவிருக்கும் மாணவர் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

எனினும், மதிலின் வெளிப்புறத்தை நினைத்தல் என்பது பழிகூறுதல் ஆகாது. போர்த்துக்கேயரதும் ஒல்லாந்தரதும் வழிவந்த பறங்கியர் இன்றும் மட்டக்களப்பில் நம் அயலவராய் வாழ்கின்றனர். அவர்களுட் பலர் தச்சுத் தொழிலிலும் இரும்புத் தொழிலிலும் வல்லவர். வீட்டிலே போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைப் பேணியவர். வீதியிலே நம்மோடு தமிழ் பேசுபவர். மதிலுள் இருந்தோரின் வழித்தோன்றல் எவ்வகையில் இன்று குற்றவாளியாவான்? குற்றம் குருதிவழி வருவதன்று. அறிவோ, தேடிப் பெறாவிடின் வராதது. முன்னோர் செய்ததற்கு நாம் பொறுப்பல்லோம். முன்னோர் செய்ததை அறியாதிருப்பதற்கு நாமே பொறுப்பாளர்.

ஆகவே, கோட்டை காண்போனிடம் அறம் வேண்டுவது மகிழ்ச்சியைக் கைவிடுதலை அன்று. நிற்குமிடத்தை ஒருமுறை மாற்றுதலையே. மதில்மேல் ஏறி வாவியின் அழகைக் கண்டபின், கீழிறங்கி, வாயிலைக் கடந்து, அகழிக்கு அப்பால் நின்று, அதே மதிலைத் திரும்பி நோக்குதல் வேண்டும். அதற்கு வேண்டியது சில நிமிடங்களும் சிறிது வரலாற்றறிவுமே. அங்கு நின்றும் அது அழகியதாகவே தோன்றலாம். அப்பொழுது அவ்வழகு பிறர் அச்சத்தை மறைத்துப் பெற்றதாகாது. அதனை அறிந்து பெற்றதாகும். அத்தகைய காட்சியை உல்லாசம் என்று கூறுவதினும் கல்வி என்று கூறுவதே பொருந்தும்.