தோலும் கறியும்

ஒரு பொருளின்மேல் அருவருப்புக் கொள்கிறோமே, அந்த அருவருப்பு பொருளில் இருக்கிறதா, அதைத் தொடுகிற மனிதரைப் பொறுத்ததா? இதற்குப் பதில் தேட வேதாந்தப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. வேலூரிலிருந்து ஆம்பூர் வரை ஒருமுறை போய்வந்தால் போதும்.

தோலும் கறியும் ஒரே உடம்பிலிருந்து வருகின்றன. ஆனால் அவற்றின் ஜாதகம் வேறு வேறு. தோல் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, மயிர் நீங்கி, பதமாகி, சாயமேறி, ஷூவாகிக் கப்பலேறுகிறது. ராணிப்பேட்டையும் வாணியம்பாடியும் ஆம்பூரும் அந்நியச் செலாவணி ஈட்டுகிற ஊர்கள் என்று பெருமையாகப் பேசுகிறோம். கறியோ ஊருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதைச் சாப்பிடுகிறவர், ‘இன்று என்ன குழம்பு?’ என்று அயலார் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2022ஆம் ஆண்டு மே மாதம் 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. ஆட்டுக்கறி பிரியாணிக்கு இடம் உண்டு, கோழிக்கு உண்டு, மாட்டுக்கறிக்கு மட்டும் இல்லை. அந்த ஊரில் பலர் அன்றாடம் உண்ணும் உணவு அது. எதிர்ப்புக் கிளம்பியது. மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது.

நம் தோல் போய்ச் சேரும் நாடுகளில் ஒன்று இத்தாலி. அங்கே ப்ளாரன்ஸ் நகருக்கு அருகே இம்ப்ருனேத்தா என்று ஓர் ஊர். செங்கல், ஓடு சுடுகிற சூளைகளுக்குப் பேர்போனது. 1420இல் தொடங்கி 1436இல் முடிந்த ப்ளாரன்ஸ் தேவாலயத்தின் பெரிய கோபுரக் கூரைக்காகச் சூளை வைத்த தொழிலாளிகள் ஒரு குழம்பு செய்தார்கள் என்று கதை உண்டு. மலிவான கால் கறி, பூண்டு, கைநிறைய மிளகு, உப்பு, சிவப்புத் திராட்சை மது. எல்லாவற்றையும் மண்சட்டியில் போட்டுச் சூளை வாயில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். வேலை முடிகையில் கறி வெண்ணெயாகியிருக்கும். பெயர் பெப்போசோ. கூலிக்காரன் சட்டியில் பிறந்த அந்தக் குழம்பை இன்று அந்நாட்டார் தங்கள் பாரம்பரியம் என்று விருந்தாளிக்குப் பரிமாறுகிறார்கள்.

தோல் வியாபாரமாக அங்கே போய்வந்த நண்பர் ஒருவர் அதன் ருசியை என்னிடம் அரைமணி நேரம் வர்ணித்தார்.

“நம் வீட்டிலேயே செய்யலாமே, சார். ஆம்பூர்க் கறி போதும். சிறு தீயில் மூன்று நான்கு மணி நேரம் கிடந்தால் ஆயிற்று. நான் செய்திருக்கிறேன்” என்றேன்.

“ஐயையோ, வீட்டிலா? அது வேறே, இது வேறே, சார்!” என்றார் அவர்.

எது வேறு? மாடு வேறல்ல, மிளகும் வேறல்ல. அங்கே அதைச் சாப்பிடுகிறவன் வெள்ளைக்காரன். இங்கே சாப்பிடுகிறவன் அவருடைய கம்பெனியில் தோல் அறுக்கிறவன். வேற்றுமை அவ்வளவுதான்.

கருணையினால் புலால் மறுப்பவரை நான் வணங்குகிறேன். வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். காந்தியடிகளோ தாமாக இறந்த மாடுகளின் தோலில் செய்த செருப்பே வேண்டும் என்று வற்புறுத்தினார். கருணை அப்படித்தான் தன் காலையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும். அருவருப்புக்கு அந்தக் கணக்கு கிடையாது. அது தன் ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டே அடுத்தவன் தட்டை எட்டிப் பார்க்கும்.

திருவிழாப் பந்தலில் இன்னோர் அண்டாவுக்கு இடம் கொடுப்பதால் யார் நோன்பும் கெட்டுவிடாது. வேண்டாதவர் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம். ஆனால், ‘உன் உழைப்பு வேண்டும், உன் சோறு வேண்டாம்’ என்று ஒரு மனிதனிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?