இழப்பைச் சுமப்பவர் யார்?

கறவை மாடுகளுக்கெனப் புதிய வீரிய ஒட்டு மக்காச்சோள ரகம் ஒன்றை உருவாக்க முனைபவர், முதலில் ஒரு வினாவிற்கு விடை காண வேண்டும். நல்ல பயிர் என்பது யாருக்கு நல்லது?

தானியத்திற்காக விளைவிப்போருக்குக் கதிரே முதன்மையானது. சைலேஜ் எனப்படும் ஊறுகாய்த் தீவனத்திற்கோ தண்டும் இலையும் கதிரும் சேர்ந்தே வேண்டும். மணிகள் முழுதும் காயுமுன் பயிரை வெட்டி நறுக்கி, காற்றுப் புகாதவாறு குழியில் அழுத்தி மூடுவர். அது புளித்துப் பல மாதங்கள் கெடாதிருக்கும்.

1924-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், இலையின் நடுநரம்பு பழுப்பேறிய மக்காச்சோளச் செடிகள் தாமாகவே தோன்றின. அவற்றில் லிக்னின் என்னும் கடினப்பொருள் குறைவு என்பது பின்னர் விளங்கிற்று. மாட்டின் வயிற்றில் நார் செரிப்பதைத் தடுப்பது லிக்னின்தான். அது குறைந்தால் மாடு மிகுதியாக உண்ணும்; பாலும் கூடும். ஆனால் தண்டை நிமிர்ந்து நிற்கச் செய்வதும் அதே லிக்னின் அன்றோ! ஆதலால் இத்தகைய ரகங்கள் காற்றில் எளிதில் சாய்கின்றன. விளைச்சலும் பெரும்பாலும் குறைகிறது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டியிருக்கிறது.

பயிரை மாற்றுவது பிழையன்று. தியோசிந்தி என்னும் காட்டுப்புல்லை மக்காச்சோளமாக்கியவர்கள் மெக்சிகோவின் தொல்குடி உழவர்களே. ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் அப்பணி தொடங்கியது. விதையைத் தெரிந்தெடுத்தவர்களே விதைத்தனர். பயனையும் இழப்பையும் அவர்களே சுமந்தனர். இன்றோ தெரிந்தெடுப்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர். வீரிய ஒட்டு விதையின் வீரியம் அடுத்த தலைமுறையில் குன்றிவிடுவதால், உழவர் ஆண்டுதோறும் விதையை விலைக்கு வாங்குகிறார். விதையோடு பிறருடைய தீர்மானத்தையும் வாங்குகிறார்.

1970-இல் அமெரிக்கா இதற்குரிய விலையைக் கண்டது. ஆண்பூவைக் கையால் அகற்றும் வேலையை மிச்சப்படுத்த, விதை உற்பத்தியாளர்கள் ஆண்மலட்டுத் தன்மை கொண்ட ஒரே வகைத் தாய்ச்செடியைப் பரவலாகப் பயன்படுத்தினர். அதன் வழிவந்த பயிர்களை இலைக்கருகல் நோய் தாக்கியது. நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு அழிந்தது. வேலை மிச்சமானது விதை உற்பத்தியாளர்களுக்கு. வயல் கருகியது உழவர்களுக்கு.

ஆகவே, பால் எவ்வளவு பெருகும் என்று சொல்வதோடு ஆய்வாளரின் கடமை முடிந்துவிடுவதில்லை. தண்டு எவ்வளவு சாயும் என்பதையும் விதைக்குமுன்பே அவர் சொல்லியாக வேண்டும். இழப்பை அறிந்து ஏற்பவர் கூட்டாளி. அறியாது சுமப்பவரோ ஏமாற்றப்பட்டவர்.