‘ஆனால்’ என்னும் சொல்லும் உலகாரியன் என்னும் திருநாமமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கோஷ்டி சாற்றுமுறையாகித் தீர்த்தம், சடாரி ஸாதித்தபின் ஸ்வாமிகள் ததீயாராதனத்துக்காகக் காத்திருக்கும் நேரம். ஒருவர் மற்றொருவரைப் பற்றிச் சொல்கிறார்: “அவருக்குப் பாடம் நன்றாகவே இருக்கிறது. ஆனால்…” இந்த ‘ஆனால்’ இல்லாமல் முடிந்த புகழ்ச்சியை அடியேன் அதிகம் கேட்டதில்லை, அது இல்லாமல் அதிகம் பேசியதும் இல்லை.

ஆழ்வார்களையும் பூர்வாசார்யர்களையும் போற்ற நமக்குத் தயக்கம் சிறிதும் இல்லை. மாமுனிகளின் ஏற்றத்தைக் கேட்டு எவருக்கும் உறக்கம் கெடுவதில்லை. பக்கத்தில் நின்று அதே பாசுரத்தைச் சேவிப்பவர் நம்மைவிட நன்றாகச் சேவித்துவிட்டால்தான் நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது. குணம் இருக்கும் இடத்தில் குற்றத்தைக் காண்பதே அசூயை என்பர் பெரியோர். கீதையின் ஒன்பதாம் அத்தியாயத் தொடக்கத்தில், பரம ரஹஸ்யத்தை அர்ஜுனனுக்கு உபதேசிக்கும்போது, அவன் அசூயை அற்றவன் என்பதையே கண்ணன் தகுதியாகக் காட்டுகிறான். கல்வியையோ குலத்தையோ அங்கே சொல்லவில்லை.

அடியேன் வங்கியில் பணிபுரிந்தவன். கிளை மேலாளராக இருந்தபோது ஒரு கடன் கோப்பில் அடியேன் கவனிக்காமல் விட்ட பிழையை, கீழே பணியாற்றிய இளம் அதிகாரி ஒருவர் கண்டுபிடித்தார். பிறர் அறியாமல், மிகுந்த மரியாதையோடு வந்து சொன்னார். வங்கிக்கு நஷ்டம் வராமல் தப்பியது. அவ்வாண்டு அவரைப் பற்றிய ரகசிய அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது, ‘மிகச் சிறந்தவர்’ என்று எழுதவேண்டிய இடத்தில் கை ‘திருப்திகரம்’ என்று எழுதியது. பொய் ஒன்றும் எழுதவில்லை. உண்மையைக் குறைத்து எழுதினேன், அவ்வளவே. அவருடைய பதவி உயர்வு அந்த ஆண்டு வரவில்லை. அந்த ஒரு சொல்தான் காரணமா என்பதை அறியேன். அந்தச் சொல்லை எழுதிய கை எது என்பதை மட்டும் அறிவேன்.

வணிகவியல் படித்தவன் ஆகையால் பிற்பாடு இதைக் கணக்காகவே யோசித்துப் பார்த்தேன். இரட்டைப் பதிவுமுறையில் ஒரு கணக்கில் வரவு வைத்தால் மற்றொரு கணக்கில் பற்று எழுதியாகவேண்டும். பிறரைப் புகழும்போதும் மனம் அப்படித்தான் பதிவு செய்கிறது: அவர் பெயரில் வரவு, நம் பெயரில் பற்று. ஆனால் நம் ஸம்பிரதாயத்தின்படி பேரேடே நம்முடையது அன்று. ஆத்மா எம்பெருமானுக்குச் சேஷம் என்றால், அவ்வாத்மாவில் தோன்றும் நற்குணமும் அவன் உடைமையே. அடுத்தவருடைய குரலோ ஞானமோ அவன் திருமேனியில் சாத்திய திருவாபரணம் போன்றது. திருவாபரணத்தைக் கண்டு பொறாமைப்படுவாரும் உண்டோ? இதை எழுதுவது எளிது. கோஷ்டியில் நிற்கும்போது நினைவில் இருப்பதில்லை.

மஹான்களுக்கும் இது எளிதாக இருந்ததில்லை. முதலியாண்டான் திருவம்சத்தில் வந்தவர் கந்தாடைத் தோழப்பர். நம்பிள்ளையைச் சுற்றிச் சிஷ்யர்கள் திரண்டிருப்பதைக் கண்டு பொறாமல், பெரியபெருமாள் ஸந்நிதியிலேயே அவரைக் கடிந்து பேசினார். நம்பிள்ளை மறுமொழி கூறாமல் திருமாளிகைக்கு எழுந்தருளினார். தோழப்பரின் தேவியார் செய்தியறிந்து கணவரைக் கண்டிக்க, அவர் மனம் மாறி, மன்னிப்பு வேண்டப் புறப்பட்டுக் கதவைத் திறந்தார். வாசலில் ஒருவர் முக்காடிட்டுக் கிடந்தார். நம்பிள்ளைதான். முதலியாண்டான் வம்சத்தவர் தம்மிடம் சீற்றம் கொண்டார் என்றால், பிழை தம்முடையதாகவே இருக்கவேண்டும் என்று பொறுத்தருள வேண்டி வந்திருந்தார். அப்போது தோழப்பர், இவர் சிலருக்கு மட்டும் ஆசார்யர் அல்லர், உலகுக்கே ஆசார்யர் என்று தெளிந்து ‘உலகாரியன்’ என்று அழைத்தார்.

வருந்தினார், இனி ஏசமாட்டார் என்பதோடு அவர் நின்றிருக்கலாம். நாம் அங்கேதான் நின்றுவிடுகிறோம். குறை கூறாமல் இருந்தாலே போதும் என்று மௌனத்தைப் பெருமையாக எண்ணுகிறோம். அவரோ ஏசிய வாயாலேயே திருநாமம் சாற்றினார். அதை முகஸ்துதி என்பார் யார்? இல்லாததைச் சொல்வது முகஸ்துதி. அவர் சொன்னது, முன்பே இருந்தும் தாம் காண மறுத்தது. அத்திருநாமத்தையே வடக்குத் திருவீதிப்பிள்ளை தம் குமாரருக்கு இட்டார். அவரே பிள்ளை லோகாசார்யர். ஸ்ரீவசனபூஷணத்தில், நமக்குக் குற்றம் செய்தவரிடத்தில் பொறுமையோடு நில்லாமல் நன்றி நினைவளவும் செல்லவேண்டும் என்கிறார். தம் திருநாமம் பிறந்த வாசற்படியை அறிந்தவர் அல்லவா!

உபதேசரத்தினமாலையில் மாமுனிகள் இத்திருநாமம் வந்த வரலாற்றை ஒரு பாசுரத்தில் பாடுகிறார். தோழப்பரைப் புகழ் மிக்கவராகச் சொல்கிறார். அவர் தம் மகிழ்ச்சியால் இப்பெயர் இட்டார் என்கிறார். பெரியபெருமாள் ஸந்நிதியில் நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பல ஆண்டுகள் சேவித்த பிறகே இதைக் கவனித்தேன். அந்தப் பாசுரத்தில் ‘ஆனால்’ இல்லை.

அந்த அதிகாரியும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அறிக்கையில் என்ன எழுதியிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. சென்ற திருவாடிப்பூரத்தன்று தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அந்தக் கோப்பு உங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறதா, ஸார்?” என்று மட்டும் கேட்டார்.

அடியேன் ராமாநுஜதாஸன்