கூண்டுக் கிளியின் ஹக்கு

வீட்டில் கிளி வளர்ப்பது நம்மவர்களிடையே நெடுங்காலப் பழக்கம். புதுச்சேரியின் முல்லா வீதியானாலும் காஜியார் வீதியானாலும், முற்றமும் தாழ்வாரமும் உள்ள பழைய வீடுகளில் கூண்டு தொங்கிய காலமுண்டு. இன்று மாடி வீட்டுப் பால்கனியில் தொங்குகிறது. பிள்ளைகள் அதற்கு ஸலாம் சொல்லக் கற்றுக் கொடுக்கிறார்கள். வந்தவர்களெல்லாம் மகிழ்கிறார்கள்.

ஒரு நாள் காலையில் அந்தக் கிளி குச்சியில் நிற்க முடியாமல் தள்ளாடுகிறது. தலை ஒரு பக்கம் சாய்கிறது. கூண்டின் அடியில் விழுந்து, எழ முயன்று, மீண்டும் விழுகிறது. அப்போது வீட்டில் பலவிதப் பேச்சுகள் எழும். “நம் வீட்டுக்கு வந்த முஸீபத்தை அது வாங்கிக் கொண்டது” என்பார் ஒருவர். “திறந்து விட்டுவிடுங்கள், நன்மையாவது கிடைக்கும்” என்பார் இன்னொருவர். “ஒரு கிளிக்காக டாக்டரிடம் ஓடுவதா?” என்பார் மூன்றாமவர். இம்மூன்று பேச்சையும் ஷரீஅத்தின் தராசில் வைத்துப் பார்ப்பது நம் கடமை. ஏனெனில் இங்கே கேள்வி கிளியைப் பற்றியது மட்டுமல்ல. நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஓர் உயிரைப் பற்றியது.

முதலில், பறவையைக் கூண்டில் வைக்கலாமா? அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சிட்டு வளர்த்தார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதன் பெயரைச் சொல்லி அன்போடு விசாரித்தார்கள், வளர்த்ததைக் கண்டிக்கவில்லை. ஹிஜ்ரி 335-ல் மறைந்த ஷாபிஈ மத்ஹபின் இமாம் இப்னுல் காஸ் (ரஹ்) இந்த ஒரு ஹதீஸிலிருந்தே அறுபது பலன்களை எடுத்துக்காட்டினார்கள். பறவைகளின் ஓசையைக் கேட்பதற்காக அவற்றைக் கூண்டில் அடைக்கலாமா என்று இமாம் கப்பால் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அதற்குத் தேவையானதை உடையவன் கவனித்துவந்தால் கூடும் என்று விடையளித்தார்கள்.

அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். தேவையானதைக் கொடுத்தால்தான் அனுமதி. அப்படியானால் கிளிக்குத் தேவையானது எது என்று அறிவதும் வளர்ப்பவர் மேல் கடமையாகிறது. அறியாமல் எப்படிக் கொடுக்க முடியும்?

பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண்ணின் வரலாறு நம் வீடுகளில் எல்லோரும் அறிந்ததுதான். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியில் தானாகத் தேடித் தின்ன விடவுமில்லை. இரண்டையும் சேர்த்தே நபிபெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவள் குற்றத்தின் அடிப்படை இதில் இருக்கிறது. காட்டுக் கிளி தன் இரையைத் தானே தேடுகிறது. பழம், பூ, தளிர், தானியம், விதை என்று பலவற்றையும் மாற்றி மாற்றித் தின்கிறது. கூண்டில் அடைத்த அன்றே அந்தத் தேடலை நாம் அதனிடமிருந்து பறித்துவிட்டோம். பறித்தவர் அதற்கு ஈடு செய்ய வேண்டாமா?

“நாங்கள் பட்டினி போடவில்லையே, கிண்ணம் நிறைய சூரியகாந்தி விதை வைக்கிறோமே” என்று சிலர் சொல்வர். கிண்ணம் நிறைந்திருக்கிறது, கிளியின் உடம்போ பட்டினி கிடக்கிறது. சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஏ வைட்டமின் அநேகமாக இல்லை. நரம்பும் தசையும் ஒழுங்காக வேலை செய்யச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். இரத்தத்தில் அது குறைந்தால் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு என்று வரிசையாக வரும். அந்தச் சத்து உடம்பில் சேர டி வைட்டமின் தேவை. அதற்கு வெயில் தேவை. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் அந்தப் பயனைத் தராது. கொழுப்பையே தின்று வந்தால் ஈரல் கெடும்; ஈரல் கெட்டாலும் தள்ளாட்டம் வரும்.

இவை மட்டுமே காரணமல்ல. துத்தநாகம் பூசிய கூண்டுக் கம்பியையும் ஈயம் கலந்த பழைய பெயிண்டையும் கொறித்தால் விஷம் ஏறும். விசிறியிலோ சுவரிலோ மோதித் தலையில் அடிபடலாம். காதுக்குள் சீழ் பிடிக்கலாம். பெண் கிளிக்கு முட்டை உள்ளே சிக்கிக் கால்கள் தளரலாம். நரம்பைத் தாக்கும் கிருமி நோய்களும் உண்டு. இறக்கையையும் வாலையும் கொண்டுதான் பறவை தன் உடம்பை நிலைநிறுத்துகிறது. இறக்கையை வெட்டிவிட்டாலும் அது தடுமாறும். ஆகவே எல்லாத் தள்ளாட்டத்துக்கும் வளர்த்தவரே குற்றவாளி என்று சொல்வது அநீதி. ஆனால் எது காரணம் என்று பார்க்காமலே இருப்பது குற்றம்தான்.

இனி அந்த மூன்று பேச்சுகளுக்கு வருவோம்.

முஸீபத்தைக் கிளி வாங்கிக் கொண்டது என்பது ஆதாரமற்ற எண்ணம். அறியாமைக் காலத்து அரபிகள் பறவை பறக்கும் திசையைப் பார்த்துச் சகுனம் கணித்தார்கள். சகுனத்துக்குரிய ‘தியரா’ என்ற அரபுச் சொல்லே பறவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததுதான். அதை நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். தெருவோரத்துக் கிளி ஜோசியத்தை நம்பாத நாம், கூண்டுக் கிளியின் நோயில் சகுனம் பார்ப்பது என்ன நியாயம்? இந்த எண்ணத்தில் இன்னொரு தீமையும் உண்டு. நமக்காக அது நோயை ஏற்றது என்று நம்பிவிட்டால், அதற்கு மருந்து தேடும் எண்ணமே வராது.

திறந்துவிடுவது நன்மைதானே? நலமுள்ள பறவைக்கு அது நன்மையாகலாம். நிற்கவே முடியாத கிளியை வெளியே விட்டால் காக்கைக்கும் பூனைக்கும் அது இரையாகும். கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது. பாரத்தை நம் கையிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அதற்கு விடுதலை என்று பெயர் சூட்டலாமா? செயல்கள் எண்ணத்தைக் கொண்டே அமைகின்றன என்பதை நாம் மறக்கலாகாது.

டாக்டர் செலவு வீண்விரயமா? தேவையில்லாததில் செலவிடுவதே இஸ்ராஃப். நம் மகிழ்ச்சிக்காகக் கூண்டை விலை கொடுத்து வாங்கியபோது அது விரயமாகத் தோன்றவில்லை; அதன் உயிருக்குச் செலவிடும்போது மட்டும் விரயமாகத் தோன்றுவது ஏன்? தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது. அந்த நாய் அவருடையதுகூட அல்ல. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ கிதாபில், கால்நடைக்குத் தீனி தராதவனை அதிகாரி நிர்ப்பந்திக்க வேண்டும் என்று சட்டமே வகுக்கப்பட்டிருக்கிறது: உண்ணத்தக்க பிராணியானால் தீனி, விற்பனை, அறுத்தல் இம்மூன்றில் ஒன்று, உண்ணத்தகாததானால் தீனி அல்லது விற்பனை. கிளியின் இறைச்சி கூடாது என்பதே ஷாபிஈ மத்ஹபின் மிகச் சரியான சொல். ஆகவே அறுத்து முடிக்கும் வழி அங்கு இல்லை. பராமரிக்க வேண்டும், அல்லது பராமரிப்பவரிடம் சேர்க்க வேண்டும். நோயுற்று எப்பயனும் இல்லாமற்போன பிராணிக்கும் உணவளிக்க வேண்டும் என்று இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் பிராணிகளின் ஹக்குகளை எண்ணும்போது எழுதியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கூண்டில் பிறந்து வளரும் லவ் பேர்ட்ஸ் போன்ற அயல்நாட்டுப் பறவைகளின் நிலை வேறு. பச்சைக்கிளிக் குஞ்சுகளோ மரப் பொந்திலிருந்து தாயிடமிருந்து பறிக்கப்படுகின்றன. ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்தார்கள். இமாம் கப்பால் (ரஹ்) அவர்களின் தீர்ப்பைக் காட்டிக் குஞ்சு பறிக்கும் வியாபாரத்துக்குத் துணைபோகலாகாது. ஆகவே இனிப் பச்சைக்கிளி வாங்காதீர்கள். ஆனால் முன்பே வாங்கியவர், சட்டத்துக்கு அஞ்சி நோயுற்ற கிளியை மறைத்துவைத்துச் சாகவிடுவாரானால், ஒரு தவறுக்கு மேல் இன்னொரு தவறைச் சேர்க்கிறார். மருத்துவரிடம் காட்டி, வனத்துறையிடம் சொல்லி ஒப்படைப்பதே நேர்வழி. மனிதரின் தண்டனைக்கு அஞ்சுபவர் மறுமையின் விசாரணைக்கு எவ்வளவு அஞ்ச வேண்டும்!

தாய்மார்களே! கிளி தள்ளாடக் கண்டால் செய்ய வேண்டியது இதுதான். உயரக் குச்சிகளை எடுத்துவிட்டு, அடியில் மெத்தென்ற துணி விரித்த சிறு பெட்டியில், சந்தடியில்லாத கதகதப்பான இடத்தில் வையுங்கள். இரையும் நீரும் வாய்க்கெட்டும் தாழ்வில் இருக்கட்டும். வாயைத் திறந்து நீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். மனிதருக்கான மாத்திரை கொடுக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நம்மூரில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பறவை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. அது தெரியும்படி விழும்போது நோய் முற்றியிருக்கக்கூடும்.

நலமாக இருக்கும்போதே முருங்கைக்கீரை, கேரட், பறங்கிக்காய், கொய்யா, கோவைப்பழம், முளைகட்டிய பயறு என்று மாற்றிக் கொடுங்கள். விதையைக் குறையுங்கள். நம் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்பதை, கழுவிக் காயவைத்துக் கூண்டில் மாட்டினால் அது கொறித்துச் சுண்ணாம்புச் சத்தைப் பெறும். இளவெயிலில், நிழலும் இருக்குமாறு, சற்று நேரம் வையுங்கள். சாக்லேட், காப்பி, வெண்ணெய்ப்பழம், உப்புப் பண்டம் ஆகாது.

ஸுலைமான் நபி (அலை) அவர்கள் அத்தனை பெரிய ஆட்சியிலும் பறவைகளைப் பார்வையிட்டு, ஹுத்ஹுத் ஒன்று காணவில்லை என்பதைக் கவனித்தார்கள் (27:20). நம் ஆட்சியோ ஒரு கூண்டளவு. அதிலுள்ள ஒரு கிளி இன்று தின்றதா, எச்சம் மாறியதா, பிடி தளர்ந்ததா என்று பார்க்க நமக்கு நேரமில்லை என்று சொல்ல முடியுமா? இரு சிறகுகளால் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது அருள்மறையின் அறிவிப்பு (6:38). வானையும் தராசையும் அமைத்த ரப்பு, அளவில் குறை செய்யாதிருக்கக் கட்டளையிட்டிருக்கிறான் (55:7-9). கிளியின் கிண்ணத்தில் நாம் இடுவதும் ஓர் அளவைதான். அதில் குறை செய்யாமல் வாழ வல்ல ரஹ்மான் நமக்கெல்லாம் தௌபீக் செய்வானாக! ஆமீன்.