தலைகீழாகத் தொங்கும் மயில்

ரெம்பிராண்ட் 1639 வாக்கில் செத்த மயில்கள் இரண்டை வரைந்தார். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அந்த ஓவியம் இருக்கிறது. ஒரு மயில் கால்கள் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்குகிறது. இன்னொன்று கீழே கிடக்கிறது, பக்கத்தில் ரத்தம்.

அந்தக் காலத்து டச்சு ஓவியர்கள் சாவைச் சொல்ல மண்டையோடு, மணற்கடிகாரம், அணைந்த மெழுகுவர்த்தி என்று பலவற்றை வைத்திருந்தார்கள். என் மனம் அவற்றில் ஒட்டுவதில்லை. மண்டையோடு பாடம் நடத்துகிறது. வேட்டையில் விழுந்த பறவை நமக்கு எதையும் போதிப்பதில்லை. பல ஓவியங்களில் அது வெறும் பகட்டாகவும் இருந்தது உண்மைதான். வேட்டை பெரும்பாலும் பிரபுக்களின் உரிமையாக இருந்ததால், யான் வீனிக்ஸ் வரைந்த முயலும் அன்னமும் பணக்காரர் வீட்டுச் சுவருக்குக் கௌரவம் சேர்த்தன. ஆனாலும் அந்த முயலின் வெள்ளை வயிற்று ரோமத்தைப் பார்க்கும்போது கை தானாக நீளும். சாவு இவ்வளவு மென்மையாக இருக்கும் என்று எந்த மண்டையோடும் சொன்னதில்லை.

மயிலின் கதையே வேறு. இந்தியக் காடுகளிலிருந்து மேற்கே போன இந்தப் பறவையின் இறைச்சி அழுகாது என்று பழங்காலத்தில் நம்பினார்கள். புனித அகஸ்டினே அதைச் சோதித்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு மயில் அழியாமையின் சின்னம். அந்தச் சின்னத்தைத்தான் ரெம்பிராண்டின் தூரிகை ரத்தத்தோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறது.

இறகின் பளபளப்பு குறையவில்லை. செத்த பிறகும் நிறம் அப்படியே இருக்கிறது. அப்படியானால் போனது எது? தொங்கும் மயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் விடை தெரிகிறது. கழுத்து தொய்ந்துவிட்டது, சிறகு தன் பாரத்தில் சரிந்துவிட்டது. உயிரோடு இருந்தவரை அந்த உடலின் எடையை அதுவேதான் தாங்கிக்கொண்டிருந்தது. நின்றாலும், பறந்தாலும், தூங்கினாலும். நாமும் அந்த வேலையை ஒரு கணம்கூட விடாமல் செய்துகொண்டிருக்கிறோம், செய்கிறோம் என்பதே தெரியாமல்.

மயில்களுக்குப் பின்னால், ஜன்னலில் ஒரு சிறுமி நிற்கிறாள். முகத்தில் பயமில்லை, வெறும் ஆர்வம். திண்டில் கைகளை ஊன்றி, தன் தலையைத் தானே தூக்கிப் பிடித்தபடி அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.